புதுப்பிப்பு: எக்ஸ் சர்வர் திடீர் கிராஷ், காரணம் கிட்டத்தட்ட பிடிபட்டது

மூன்று வாரத்துக்கு முன் எழுதியிருந்தேன்: எக்ஸ் சர்வர் (திரையில் சாளரங்களைக் காட்டும் நிரல்) செத்து விழுகிறது, வேலைக்கு நடுவே திரை கறுத்து, திறந்திருந்த எல்லாம் மூடிக்கொண்டு, லாகின் பக்கம் வந்து நிற்கிறது, சில நாள் இரண்டு முறை, சில நாள் ஒன்றுமே இல்லை என்று. ரேம் பழுதாக இருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழைகூட இல்லை.

இத்தனை நாள் நான் தவறான லாகைப் (சர்வர் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) பார்த்துக்கொண்டிருந்தது தனிக் கூத்து. சர்வர் மறுபடி கிளம்பும்போது புது லாக் தொடங்கிவிடும். செத்த சர்வரின் கடைசி வார்த்தைகள் 'ஓல்டு' என்று முடியும் கோப்பில்தான் இருக்கும். அதில் சிக்னல் 11, செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத நினைவக இடத்தை நிரல் தொட்டுவிட்டது.

அப்புறம் டீபக் சிம்பல்களை (கிராஷ் ஆன இடத்தின் ஃபங்ஷன் பெயரைக் காட்ட உதவும் தகவல்) நிறுவி, இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) வழியாக ஜிடிபியை (ஓடும் நிரலை நிறுத்தி ஆராயும் கருவி) சர்வரோடு இணைத்தேன். அதே திரையில் டெர்மினல் திறந்து செய்தால், சர்வரை நிறுத்திய கணமே டெர்மினலும் உறைந்துவிடும். ஆள் உள்ளே, சாவி வெளியே கதைதான். சிக்பைப் சிக்னலுக்கு (எதிர்முனை இணைப்பை மூடிவிட்டால் வருவது, சர்வருக்குச் சகஜம்) நிற்காதே என்று ஜிடிபியிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் சும்மா சும்மா நின்று உயிரை வாங்கும்.

மூன்று கிராஷ், மூன்று பேக்ட்ரேஸ் (விழுந்த கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்). மூன்றும் கிராபிக்ஸ் டிரைவரின் ஒரே ஃபங்ஷனில், வெளி மானிட்டர் தூக்கத்திலிருந்து எழும் நேரத்தில். ரேம் பழுதென்றால் இடம் மாறி மாறி விழுந்திருக்கும்.

இப்போதைக்கு அந்த டிரைவரைக் கழற்றிவிட்டு, சர்வரோடு வரும் மோட்செட்டிங் டிரைவருக்கு மாறிவிட்டேன். 11 நாளாக கிராஷ் இல்லை. வீடியோவில் படம் லேசாகக் கிழிகிறது, சரி, பொறுத்துக்கொள்ளலாம். பேக்ட்ரேஸ்களை டிரைவர் எழுதுபவர்களுக்கு அனுப்பியாயிற்று; பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.