255 பவுண்டு என்றால் குற்றவாளியா?

தரைப்பருந்து:
"லைசென்ஸ் இல்லாமல் யாரையும் பறக்க விடக் கூடாது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அமெரிக்காவில் 1982 முதல் பறந்துகொண்டுதான் இருக்கிறார்கள் ஐயா! அந்நாட்டு விமானத் துறையின் பார்ட் 103 விதிப்படி அல்ட்ராலைட்டுக்கு, அதாவது ஒருவர் மட்டும் ஏறிப் பறக்கும் மிக இலகுவான ஊர்திக்கு, லைசென்ஸ் வேண்டாம், மருத்துவச் சான்று வேண்டாம், பதிவும் வேண்டாம். என் எரிச்சலே வேறு. வெற்று எடை (ஆளும் பெட்ரோலும் இல்லாமல்) 254 பவுண்டுக்குள் இருக்க வேண்டுமாம். நாலு போல்ட் கூடுதலாக மாட்டி 255 ஆனால் நான் குற்றவாளியா? உயிர் என்னுடையது, அரசுக்கு என்ன?

நூல்கண்டு:
வந்துவிட்டார் வானத்து வீரர். உயிர் உங்களுடையது, விழும் கூரை யாருடையது? அதனால்தான் ஒரே இருக்கை, 5 கேலன் பெட்ரோல், 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகம், வீடுகள் நெருங்கிய இடத்துக்கு மேலே பறக்கத் தடை. இதைவிடத் தாராளமாக எந்த அரசு விடும்?

தரைப்பருந்து:
கேட்டதற்குப் பதில் இல்லை. 255 ஆனால்?

நூல்கண்டு:
விமானக் கணக்கில் போய்விடும். பதிவு, பைலட் சான்றிதழ் எல்லாம் வரும். அப்புறம், பாராசூட்டுக்கு 24 பவுண்டு தனியாக விட்டுக்கொடுக்கிறார்கள். முழுசாகப் படியுங்கள்.

தரைப்பருந்து:
படித்ததால்தான் கேட்கிறேன். எடைக்குப் பயந்து குழாயை மெலிதாக்கி, பிரேக்கைக் கழற்றிப் பறப்பதுதான் பாதுகாப்பா? உறுதியாகக் கட்டுபவனுக்குத் தண்டனை, ஒட்டடைக்குச்சியாகக் கட்டுபவனுக்குச் சுதந்திரம். 255 ஆனால் என்ன குடிமுழுகும்?

கூரைக்கோழி:
யார் வந்து தராசு பிடிக்கிறார்கள்? இங்கே டெக்சாஸில் நான் பார்த்த சிலது 300-ஐத் தாண்டும்.

நூல்கண்டு:
இதில் பெருமை வேறு!

தரைப்பருந்து:
கோழியாரே, நடுவில் வராதீர்கள். நூல்கண்டு, ஹெல்மெட் விவாதத்திலும் இப்படித்தான் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

நூல்கண்டு:
ஓடவில்லை. திரியைப் பூட்டினார்கள். பூட்ட வைத்தது உங்கள் வாய்.

தரைப்பருந்து:
புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும். 255?

நூல்கண்டு:
254-க்குக் 'குறைவாக' என்பதுதான் விதி. சரியாக 254 இருந்தாலே ஆகாது. எண்ணைக்கூடச் சரியாகப் பார்க்காதவருக்கு லைசென்ஸ் வேண்டாமாம்!

தரைப்பருந்து:
பார்த்தீர்களா, நான் சொன்னதைவிட மோசம்! எல்லோரும் இவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரைக்கோழி:
நடுவில் வராதே என்றவர் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும்.

தரைப்பருந்து:
எதற்கு? 300 பவுண்டைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அதற்கா?