க்யூரேட்டர்: காப்பவரா, கோப்பவரா?

அனைவருக்கும் வணக்கம்.

அருங்காட்சியகச் சேகரத்தைப் பேணுபவரையும் கண்காட்சியை உருவாக்குபவரையும் ஆங்கிலத்தில் ‘க்யூரேட்டர்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இழையை நான்கு நாளாகப் படித்து வருகிறேன். காப்பாட்சியர், தொகுப்பாளர், அமைப்பாளர், நெறியாளர், ஓம்புநர் என்று ஐந்து சொல் வந்துவிட்டது; ஐந்துக்கும் ஆள் இருக்கிறது. கண்காட்சிகளுக்குத் தமிழில் சுவர்க்குறிப்பு எழுதிக் கொடுப்பவன் என்பதால் என் பங்குக்கும் கொஞ்சம்.

முதலில், ‘தொகுப்பாளர்’ வேண்டாம். பட்டுத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அழைப்பிதழில், கண்காட்சியை உருவாக்கிய அம்மாவின் பெயருக்கு நானே அப்படிப் போட்டேன். திறப்பு விழாவன்று மைக்செட்காரர் நேராக அந்த அம்மாவிடம் போய், “மேடம், குத்துவிளக்கு ஏத்தினதும் வரவேற்புரையா, இல்ல அதுக்கு முன்னாடியேவா?” என்று கேட்டுக் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் வீடு வீடாக அலைந்து பதினொரு கலைஞர்களின் படைப்புகளைச் சேர்த்தவர் அவர். மைக்கோடு நின்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ‘நெறியாளர்’ என்றாலும் இதே கதைதான். டிவி விவாதம் நடத்துபவர் என்பார்கள். ‘அமைப்பாளர்’ என்றால் எனக்குப் பந்தலும் நாற்காலியும் மட்டுமே கண்ணில் வருகின்றன.

‘காப்பாட்சியர்’ நல்ல சொல். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயவியலுக்கு, விலங்கியலுக்கு என்று காப்பாட்சியர்கள் உண்டு. நாளிதழிலும் பழகிவிட்டது. அதை யாரும் அசைக்க வேண்டாம். ‘ஓம்புநர்’ சொன்ன ஐயாவும் வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறார்: இலத்தீனில் ‘கூரா’ என்றால் பேணுதல். பழைய ரோமில் நகரத்துத் தண்ணீர்க் கால்வாய்களுக்கு ஒரு ‘கூராத்தோர்’ இருந்தார், கி.பி. 97இல் ஃப்ரான்டினஸ் என்பவர் அந்தப் பொறுப்புக்கு வந்தார். நம் பக்கத்து நீர்ப்பாய்ச்சி மாதிரி, ஆனால் பெரிய உத்தியோகம்.

வேர் சரி. வேலை மாறிவிட்டது. 1969இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் கலைக்கூடத்தில் அதன் இயக்குநர் ஹரால்ட் ஸேமான் ஒரு கண்காட்சி வைத்தார். அதற்குக் கலைஞர் லாரன்ஸ் வைனர் சுவர்ப் பூச்சில் மூன்றடிக்கு மூன்றடி சதுரம் ஒன்றைப் பெயர்த்தெடுத்தார், அதுதான் படைப்பு. ஜோசப் பாய்ஸ் சுவரோரத்தில் கொழுப்பை அப்பினார். மைக்கேல் ஹைஸர் கட்டடத்துக்கு வெளியே நடைபாதையை இரும்புக் குண்டால் உடைத்தார். பெரிய ரகளை ஆகி, ஸேமான் கலைக்கூடப் பதவியை விட்டு விலகினார். இதில் காப்பாட்சியர் எதைக் காப்பார், பெயர்த்த காரையையா? ஸேமான் தன்னைக் ‘கண்காட்சி செய்பவன்’ என்றே ஜெர்மனில் சொல்லிக்கொண்டார்.

பிரெஞ்சில் இந்த இருவருக்கும் வேறு வேறு பெயர்: அருங்காட்சியகச் சேகரத்தைக் காப்பவர் ‘கோன்ஸெர்வத்தர்’, கண்காட்சிக்குப் பொறுப்பேற்பவர் ‘கொமிஸேர்’. சீனத்தில் ‘கண்காட்சியைத் திட்டமிடுபவர்’ என்ற பொருளில் மூன்றெழுத்துச் சொல். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே போட்டு இழுக்க வேண்டியதில்லை. ஆகவே காப்பாட்சியர் எழும்பூரிலேயே இருக்கட்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி–முசிறி பினாலேயில் 2014இல் ஜிதிஷ் கல்லாட், 2018இல் அனிதா துபே செய்தார்களே, அந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம். இருவரும் கலைஞர்கள். காப்பதற்கு அங்கே சேகரம் ஏதும் கிடையாது.

அந்த வேலைதான் என்ன? மேலே சொன்ன அம்மா படம் மாட்டியதை ஒரு பிற்பகல் முழுக்கப் பார்த்தேன். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 அங்குலத்தில் வர வேண்டும் என்று டேப் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஆணி அடித்தாயிற்று. ஒரு உப்பளத் தொழிலாளியின் புகைப்படம். பக்கத்தில் கடல் ஓவியம். இரண்டும் அழகுதான், ஆனால் சும்மா இருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர் கடலை இறக்கச் சொன்னார். வேறொருவர் பென்சிலில் வரைந்த காலிச் சோற்றுப்பானை அந்த இடத்துக்கு வந்தது. அவ்வளவுதான், உப்பு கூலியாகிவிட்டது! காகிதச் சித்திரம் வெளிச்சத்தில் கெடும் என்பதால் விளக்கை 50 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது ஒளியின் அளவு) குறைத்தார்கள். நான் நோட்டை எடுத்ததும், “இதுக்குக் குறிப்பு எழுதிடாதீங்க, பார்க்கிறவங்களே சேர்த்துக்குவாங்க” என்றார். கலைஞரோடு பேச்சு, இரவல் ஒப்பந்தம், காப்பீடு, லாரி எல்லாம் அவர் தலையில்தான் இருந்தன. ஆனால் அவரை க்யூரேட்டர் ஆக்கியது அந்தப் பானை.

இதைச் செய்தவர்கள் நம்மிடம் முன்பே உண்டு. அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, அதாவது பிரிவைப் பாடும் திணை. 2, 8 என முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்துப் பத்தாக வருவது நெய்தல். 400 பாட்டில் 200 பாலை. ஒன்று விட்டு ஒன்று பிரிவைக் கடந்துதான் அடுத்ததற்குப் போக முடியும். புலவர்கள் இப்படித் திட்டமிட்டுப் பாடவில்லை, இது அடுக்கியவரின் வேலை. உருத்திரசன்மர் தொகுத்தார், பாண்டியன் உக்கிரப்பெருவழுதி தொகுப்பித்தான். செய்தவருக்கு ஒரு வினை, செய்வித்தவருக்கு ஒரு வினை என்று கணக்கு எவ்வளவு சுத்தம்! நூலின் மூன்று பகுதிப் பெயரையும் பாருங்கள்: களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக் கோவை. நிரைத்தல், மிடைதல், கோத்தல்: மூன்றிலும் வரிசைதான் பேச்சு.

மூன்றில் இன்றும் வாயில் புழங்குவது கோத்தல். (‘கோர்த்தல்’ என்று எழுதுபவர்களோடு சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.) பழைய அச்சகத்தில் ஈய எழுத்துகளை அடுக்கியவரை அச்சுக்கோப்பாளர் என்றோம். எழுத்து அவர் வார்த்ததல்ல, வாசகமும் அவருடையதல்ல. கோத்தது மட்டும் அவர். அந்த வழியில் காட்சிக்கோப்பாளர். வினை: காட்சி கோத்தல். சுவரொட்டியில் ‘காட்சிக்கோப்பு: இன்னார்’.

ஓட்டலில் ‘க்யூரேட்’ செய்த காபி என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் ‘பொறுக்கியெடுத்த’ போதும்.

*

> காட்சிக்கோப்பு: இன்னார்

தம்பி, வேலையைப் பிரித்தது சரி. சொல்தான் இடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் கந்தோரில் வேலை செய்த எனக்குக் கோப்பு என்றால் தூசி பிடித்த ஃபைல். கணினியில் காட்சிக்கோப்பு என்றால் வீடியோ. நித்திலக் கோவையை நீங்களே சொல்லிவிட்டு ஏன் விட்டீர்கள்? காட்சிக்கோவை, காட்சிக்கோவையாளர் என்று வையுங்கோ.

*

அக்கா, வீடியோ எனக்குத் தோன்றவே இல்லை. கோப்பைக் கைவிடுகிறேன். ‘கோவை’ மேல் எனக்கிருந்த பயம் ஒன்றுதான்: சுருக்கி ‘கோவை: இன்னார்’ என்று அச்சாகிவிட்டால் கோயம்புத்தூர்க்காரர் என்று நினைத்துவிடுவார்கள். (அந்த ஊர் நண்பர் நேற்றே சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டார்.) காட்சி என்பதை வெட்டாமல் போட்டால் தப்பிக்கலாம். அடுத்த மாதம் ஒரு அழைப்பிதழ் கையில் இருக்கிறது. பெயர்ச்சொல்லை அப்புறம் முடிவு செய்வோம். இப்போதைக்கு அதில் ‘காட்சி கோத்தவர்’ என்று வினையிலேயே போடுகிறேன். அதே மைக்செட்காரர்தான் வருகிறார். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.