தனி அலுவலகம் தொடங்கும் அட்டர்னி: சான்றிதழ் வரும்முன் ஃபீஸ் வாங்கலாமா?

டர்பன் தென்றல்:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஒரு அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருக்கும் அட்டர்னி (வழக்கறிஞர்) நான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சொந்தமாகத் தொடங்க ஏற்பாடு நடக்கிறது. ஃபிடெலிட்டி ஃபண்டு (அட்டர்னி கட்சிக்காரர் பணத்தைத் திருடினால் ஈடுகட்டும் நிதியம்) சான்றிதழ் இன்னும் வரவில்லை. "டிரஸ்ட் பணத்தை, அதாவது கட்சிக்காரருக்காக நாம் வைத்திருக்கும் பணத்தை, தொடாதே; ஆலோசனைக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்" என்கிறார் ஒருவர். சரிதானா? இன்னொன்று, வீடு வாங்கும் ஒருவர் 1,20,000 ராண்டு முன்பணத்தை ரொக்கமாகத்தான் தருவேன் என்று நிற்கிறார்.

பழைய கோப்பு:
சரியில்லை தம்பி. 2014-ம் ஆண்டு லீகல் பிராக்டிஸ் சட்டம், பிரிவு 84 பார்க்கிறது டிரஸ்ட் பணத்தை மட்டுமல்ல. சொந்தமாகத் தொழில் நடத்தும் அட்டர்னி எவருக்கும் சான்றிதழ் வேண்டும் என்கிறது. ஆலோசனை முடிந்த பிறகு காசு வாங்கினாலும் அது சொந்தத் தொழில்தான். இப்படி யோசனை சொல்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர்; நம்மைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலின் நோட்டீஸ் வரும்போது ஒருவரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

முதல்முறை சான்றிதழ் எடுப்பவருக்குப் பிராக்டிஸ் மேனேஜ்மென்ட் பயிற்சி கட்டாயம், அதற்கு முதலில் பதிந்துகொள்ளுங்கள். மற்ற படிவங்களைக் கவுன்சிலின் பீட்டர்மரிட்ஸ்பர்க் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் எந்த மாதம் கிடைத்தாலும் டிசம்பர் 31-ல் காலாவதி. நவம்பரில் தொடங்கினால் உடனே அடுத்த ஆண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டிவரும்.

வீட்டு விஷயத்தில், நீங்கள் கன்வேயன்சராகவும் (சொத்துப் பத்திரம் மாற்றித் தரும் அட்டர்னி) பதிவு பெற்றவரா? இல்லையென்றால் பத்திர மாற்றம் உங்கள் கையில் இல்லை.

பேரேடு:
கணக்கு எழுதுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். டிரஸ்ட் கணக்கில் பெரும்பாலும் பணம் குறைவது திருட்டால் அல்ல, அவசரத்தால்.

ஒரு கட்சிக்காரர் பேரில் டிரஸ்டில் 8,000 ராண்டு இருக்கிறது. ஷெரிஃப் (நீதிமன்ற ஆணைகளைச் சேர்ப்பிப்பவர்), அட்வகேட் (நீதிமன்றத்தில் வாதாடுபவர்) செலவு 9,500. மொத்தக் கணக்கில் லட்சக்கணக்கில் இருப்பதால் வங்கி தடுக்காது, பணம் போய்விடும். அந்த 1,500 மற்ற கட்சிக்காரர்களுடையது. அவர் பேரேட்டில் மைனஸ் விழுந்த நொடியே விதிமீறல். வந்த காசோலை கிளியர் ஆகுமுன் அதை நம்பி அனுப்புவதும் இதே வகை. வங்கிக் கட்டணம் டிரஸ்ட் கணக்கில் கழிக்கப்படுவது சத்தமில்லாத ஓட்டை. அதை பிசினஸ் கணக்கில் பிடிக்கச் சொல்லித் திறக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

முன்பணமாக வாங்கும் ஃபீஸ், வேலை முடிந்து பில் போட்டு, பேரேட்டில் பற்று எழுதிய பிறகே பிசினஸ் கணக்குக்கு வரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லார் இருப்பையும் பட்டியலிட்டு வங்கி இருப்போடு ஒப்பிடுவது விதி. ஆனால் மூன்று மாதப் பிழையைத் தேடுவது நரகம், மாதாமாதம் செய்யுங்கள்.

வட்டி: பிரிவு 86(2) பொது டிரஸ்ட் கணக்கின் வட்டி ஃபண்டுக்குப் போகும். பத்திரம் பதிவாகச் சில மாதம் ஆகும் என்றால், கட்சிக்காரரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கி அவருக்கென்று தனியாக 86(4) டிரஸ்ட் கணக்கில் போடுங்கள். வட்டியில் 5% ஃபண்டுக்கு, மீதி அவருக்கு. எழுத்து இல்லாமல் செய்தால் பிறகு வாய்ச்சண்டைதான்.

உம்கேனி:
ரொக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அட்டர்னி அலுவலகம் ஃபைக்கா சட்டத்தில் (கறுப்புப் பணத்தைத் தடுக்கும் சட்டம்) பொறுப்பு நிறுவனம். 49,999.99 ராண்டுக்கு மேல் ரொக்கம் வந்தால் 3 வேலை நாளுக்குள் எஃப்.ஐ.சி.க்கு (நிதிப் புலனாய்வு மையம்) அறிக்கை போகவேண்டும். அவரே வங்கிக்குப் போய் உங்கள் கணக்கில் கட்டினாலும் அறிக்கை உங்கள் பாடு. வங்கி அனுப்பிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். பிரித்துப் பிரித்துக் கட்டலாமா என்று அவர் கேட்டால், அதுவே சந்தேக அறிக்கைக்குக் காரணம். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

வங்கி விவரம் மாறிவிட்டது என்று ஈமெயில் வந்தால், அந்த ஈமெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். கோப்பில் முதலில் எழுதிய எண்ணுக்கு அழையுங்கள். 2016 ஜூலை 1 முதல் தொழில்சார் இன்டெம்னிட்டி (வேலையில் பிழை நேர்ந்தால் ஈடுகட்டும்) காப்பீட்டில் சைபர் குற்றம் சேராது, தனிக் காப்பீடு வேண்டும்.

டர்பன் தென்றல்:
நன்றி அண்ணன்மார்களே. கன்வேயன்சர் பதிவு இல்லை, அதனால் அந்தக் கோப்பை வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். டிரஸ்ட் கணக்கின் ஆடிட்டர் அறிக்கை எப்போது கொடுக்க வேண்டும்?

பேரேடு:
நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள். பிப்ரவரியில் முடித்தால் ஆகஸ்ட் கடைசி. தாமதித்தால் அடுத்த சான்றிதழ் மாட்டிக்கொள்ளும், ஜூனிலேயே ஆடிட்டரைப் பிடியுங்கள்.