ரெட் வைன் ஃபார்வர்டு: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சு

ராஜு சித்தப்பா: ↪️ கர்ப்பிணிகள் இரவில் சிறு கிளாஸ் ரெட் வைன் குடித்தால் இரத்தம் ஊறும், குழந்தை நல்ல நிறமாகப் பிறக்கும். அனைவருக்கும் பகிரவும் 🙏

செல்வி (கேப் டவுன்): சித்தப்பா, இதை உடனே அழித்துவிடுங்கள். சிரித்துவிட்டுப் போகிற ஃபார்வர்டு இல்லை இது.

ராஜு சித்தப்பா: வந்ததைப் போட்டேன்மா. திராட்சைச் சாறுதானே?

செல்வி: பிராந்தியில் இருக்கிற அதே ஆல்கஹால்தான் இதிலும் இருக்கிறது. அம்மா குடித்த கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் இரத்தத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறிவிடும். அதை உடைக்கிற சக்தி அந்தப் பிஞ்சு ஈரலுக்கு இல்லை. பனிக்குட நீரிலும் தங்கும், குழந்தை அதைத் திரும்ப விழுங்கும். இப்படிக் கருவிலேயே ஆல்கஹாலால் பிள்ளைக்கு வருகிற பாதிப்பைத்தான் ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிசார்டர் (FASD) என்கிறார்கள்.

ராஜு சித்தப்பா: அழித்துவிட்டேன்.

முத்து: அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் எல்லாம் குடித்துக்கொண்டேதானே பெற்றார்கள் அக்கா? 😀

செல்வி: குடித்தார்கள். பிள்ளைக்கு ஆனதை யாரும் அதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. 1968ல் பிரான்ஸில் லெமுவான் என்ற டாக்டர் குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பார்த்து எழுதினார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973ல் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரண்டு பேர் எழுதியபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

கமலா பெரியம்மா: குழந்தை ஊனமாகவா பிறக்கும்?

செல்வி: சில பிள்ளைகளுக்கு முகத்தில் தெரியும் பெரியம்மா. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் இருக்காது, மேலுதடு மெலிந்திருக்கும், கண் சிறுத்திருக்கும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் பார்க்க நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரியேதான் இருப்பார்கள். அதனால்தான் அடி வாங்குகிறார்கள்.

கமலா பெரியம்மா: அடியா?

செல்வி: என் வகுப்பில் ஒரு பையன். திங்கட்கிழமை மூன்றாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிப்பான், செவ்வாய்க்கிழமை கேட்டால் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது போல முழிப்பான். "பையை எடு, ஷூ போடு, வாசலில் நில்" என்றால் ஷூ இல்லாமல், பை இல்லாமல் வாசலில் நிற்பான். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் தங்கும். "யாரையும் அடிக்கக் கூடாது" என்று அவனே சொல்வான், அடுத்த நிமிஷம் பக்கத்துப் பையனை அடித்திருப்பான். திமிர் என்கிறார்கள். திமிர் இல்லை, மூளையின் முன்பகுதியில் இருக்க வேண்டிய பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. கருவில் மூளைச் செல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே நின்றிருக்கும், நிறையச் செத்தும் போயிருக்கும். வலது மூளையையும் இடது மூளையையும் சேர்க்கிற பாலம் மெலிந்திருக்கும், சிலருக்குப் பாலமே இருக்காது.

முத்து: அங்கே தென்னாப்பிரிக்காவில் இப்படிப் பிள்ளைகள் நிறைய என்கிறார்களே, ஏன் அக்கா?

செல்வி: இது திராட்சைத் தோட்டப் பகுதி. கூலியில் ஒரு பங்கை வைனாகவே ஊற்றிக் கொடுப்பது பல தலைமுறைப் பழக்கம். "டாப்" என்பார்கள். சட்டம் தடுத்துவிட்டது, குடி மட்டும் போகவில்லை. 2017ல் வந்த ஒரு கணக்கில் இந்தப் பாதிப்பு உள்ளவர்கள் உலகச் சராசரியாக ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேர், தென்னாப்பிரிக்காவில் 111 பேர். முதலாளி பழக்கிவிட்டதற்குப் பழி எல்லாம் அம்மாக்கள் தலையில்.

கமலா பெரியம்மா: மருந்து இருக்கிறதா?

செல்வி: மூளையைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, ஒவ்வொரு வேலையாகச் சொல்லிக் கொடுத்து, நல்ல வீடும் அமைந்தால் நன்றாகவே தேறுவார்கள்.

நிவேதா (பெங்களூரு): அக்கா, ஒரு சந்தேகம். என் தோழி ஒருத்தி. கர்ப்பம் என்று தெரியாமல் ஆபீஸ் பார்ட்டியில் ஒருநாள் குடித்துவிட்டாள். இப்போது பயப்படுகிறாள்.

செல்வி: அவளை முதலில் பயத்தை விடச் சொல். இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று எந்த அளவையும் யாரும் சொல்ல முடியாது, அது உண்மை. ஆனால் ஒருநாள் குடித்ததாலேயே குழந்தைக்குப் பாதிப்பு வந்தே தீரும் என்றும் இல்லை. மூளை பத்து மாதமும் வளர்கிறது, இனி தொடாமல் இருந்தால் அத்தனை நாளும் லாபம்தான். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். வேண்டுமானால் என்னோடு தனியாகப் பேசச் சொல்.

நிவேதா: சரி அக்கா. அங்கே இப்போது எத்தனை மணி? இப்பவே கூப்பிடட்டுமா?