செலரி நட்டால் கல்யாணமா? ஆமிஷ் காதல் நாவலும் பதினைந்து வயதுக்குத் தருக்கமும்

கொல்லைத்தோட்டம்:
பென்சில்வேனியாவில் இருக்கிறோம், ஆமிஷ் மக்கள் நிறைய வாழும் லான்காஸ்டருக்குக் காரில் முக்கால் மணி நேரம். மகளுக்கு 15 வயது. மூன்று வருடமாக வீட்டிலேயே படிக்கிறாள். இங்கே 1988-ல் வந்த சட்டப்படி வருடத்துக்கு 180 நாள் பாடம் நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்வகுப்புக்கு 990 மணி நேரம். படித்த புத்தகங்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும், கடைசியில் மதிப்பீட்டாளர் ஒருவர் கோப்பைப் பார்ப்பார். எனக்குத் தலைவலி அந்தப் பதிவேட்டில்தான். செப்டம்பரிலிருந்து 31 புத்தகம் எழுதியிருக்கிறாள், அதில் 22 ஆமிஷ், மென்னோனைட் காதல் நாவல்கள் (இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த கிறிஸ்தவப் பிரிவுகள்; ஆமிஷ்காரர் பெரும்பாலும் இன்றும் கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போகிறவர்கள்). அட்டையைப் பார்த்தாலே தெரியும்: வெள்ளைத் தொப்பி போட்ட பெண், பின்னால் கோதுமை வயல், அந்தப் பக்கம் பார்த்தபடி ஒரு பையன். முத்தம் என்று ஒன்று வந்தால் கடைசி அத்தியாயத்தில்தான், அதுவும் நெற்றியில்.

இந்த வருடம் அவளுக்குத் தருக்கம் ஆரம்பித்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில். ‘விளக்கெண்ணெயை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அல்வா ஊட்டுகிறாய்’ என்கிறார் வீட்டுக்காரர். நாவலை நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தவா, வேண்டாமா? பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கிறவர்கள் சொல்லுங்கள்.

வட்டமேசை:
நிறுத்துங்கள் என்பதே என் கட்சி. காதல் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை, இனிப்பு அதிகம் என்பதற்காகவும் இல்லை. இந்த நாவல்களில் பெரும்பாலானவை ஆமிஷ் ஆட்கள் எழுதியவை அல்ல. 1997-ல் பெவர்லி லூயிஸின் ‘தி ஷன்னிங்’ (ஒதுக்கிவைத்தல்) நாவல் வந்து ஓடு ஓடென்று ஓடிய பிறகுதான் இந்தச் சந்தையே பெருத்தது. அவர் லான்காஸ்டர் பக்கத்துக்காரர், பாட்டி பழைய ஒழுங்கு (மரபை இறுக்கிப் பிடிக்கிற பிரிவு) மென்னோனைட் வீட்டிலிருந்து வெளியே வந்தவர், அதனால் அவரை முழு வெளியாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் வெளியே இருக்கும் இவாஞ்சலிகல் (தனிப்பட்ட மனமாற்றத்தை வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட்) பெண்கள், கதையும் அவர்கள் ருசிக்கே வளைந்தது. கதாநாயகி நடு ராத்திரியில் மண்டியிட்டு ‘நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன், எனக்குத் தெரியும்’ என்று அழுவாள். பழைய ஒழுங்கு ஆமிஷ்காரர் யாரிடமாவது அப்படிச் சொல்லிப் பாருங்கள், அதைத் தற்பெருமை என்பார். அவர்கள் பேச்சில் அது ‘நம்பிக்கையோடு இருக்கிறேன்’ என்பதோடு நிற்கும், முடிவு கடவுள் கையில். முகம் ஆமிஷ், குரல் வேறு யாருடையதோ. தருக்கம் படிக்கிற பிள்ளைக்கு முதல் பாடம் ‘இதை யார், யாருக்காகச் சொல்கிறார்கள்’ என்று கேட்பதுதானே?

ஓஹையோ அக்கா:
வட்டமேசை சார் இருபது நாவல் படித்தவர் மாதிரி பேசுகிறார், படித்தாரா தெரியவில்லை. ஹோம்ஸ் கவுண்டி பக்கம் எட்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். மருத்துவமனை வாசலில் குதிரை கட்ட மரக்கம்பி போட்டிருக்கிற ஊர் இது. போன மாதம் பிரசவத்துக்கு வந்த ஒரு ஆமிஷ் பெண்ணின் தலையணைப் பக்கம் இதே மாதிரி ஒரு நாவல். ‘இதெல்லாம் உண்மையா?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ‘துணி மடிப்பதில் நிறையத் தப்பு, மாமியார் சரியாக இருக்கிறாள்’ என்றாள். யாருக்காக எழுதினாலும் யார் கைக்கு வேண்டுமானாலும் போகும், புத்தகம் அப்படித்தான்.

கொல்லைத்தோட்டம், 15 வயதில் செப்டம்பரிலிருந்தே 31 புத்தகம் படித்த பெண்ணைப் பிடித்து நிறுத்தாதீர்கள். என் மகன் அந்த வயதில் தானியப் பெட்டியின் பின்பக்கத்தைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை.

பழைய கணக்கு வாத்தியார்:
ரெண்டு பேரும் நாவலைப் பற்றியே பேசுகிறீர்கள், கேள்வி தருக்கத்தைப் பற்றியது. நாவலிலிருந்தே பாடம் எடுக்கலாம். இந்தக் கதைகள் சிலவற்றில் ஒரு செலரி (தண்டைச் சாப்பிடும் காய்கறி) பாத்தி வரும், கவனித்திருக்கிறீர்களா? லான்காஸ்டர் ஆமிஷ் கல்யாணம் வழக்கமாக அறுவடை முடிந்து நவம்பரில், செவ்வாயிலோ வியாழனிலோ நடக்கும். முந்நூறு பேருக்குச் சமையல். செலரியைப் பாலாடையில் வேகவைப்பார்கள், மிச்சத்தைத் தண்டோடு ஜாடியில் நிறுத்தி மேசை அலங்காரமாக வைப்பார்கள். நிச்சயம் ஆனதைச் சபையில் அறிவிக்கும்வரை ரகசியமாக வைத்திருப்பது பழக்கம். அதனால் கோடையில் ஒரு வீட்டில் அளவுக்கு மீறிச் செலரி நட்டிருந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணைச் சிமிட்டுவாள்.

பிள்ளையை இங்கே நிறுத்துங்கள். ‘கல்யாணம் இருந்தால் செலரி இருக்கும்’ என்பது சரி. ‘செலரி இருக்கிறது, ஆகவே கல்யாணம்’ என்றால் சரியா? பின்னாலிருந்து முன்னால் போகிற இந்தத் தவறைப் பெரியவர்களே தினமும் செய்கிறோம்.

நம் மணிமேகலை 29-ஆம் காதையில் இதற்கு நல்ல கருவி இருக்கிறது. ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ‘புகையுடைமையால்’ என்பது ஏது (காரணம்), ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). அதோடு விடவில்லை, நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இருக்கக் கூடாது, அதையும் பார்த்தாக வேண்டும். இதைச் செலரிக்குப் பொருத்துங்கள். கல்யாணமே இல்லாத வீட்டில், ரோட்டோரக் கடையில் காய்கறி விற்கிற குடும்பத்தில், அதே அளவு செலரி இருந்தால்? ஏது ஓட்டை. இரண்டு பக்கமும் போகிற இந்த மாதிரி ஏதுவை அநைகாந்திகம் என்று அந்தக் காதை சொல்கிறது. பேர் வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள், செலரி போதும்.

தாடிக்காரன்:
எனக்கும் ஒன்று. லான்காஸ்டரில் ஆமிஷ் ஆண் கல்யாணம் ஆனதும் தாடி விடுவான், அதற்கு முன் இல்லை, மீசை கிடையாது. ஆக, தாடி இல்லையா, கல்யாணம் ஆகவில்லை. இது சரியான முடிவு. தாடி இருக்கிறது, ஆகவே கல்யாணம் ஆனவன்? வேறு சில ஊர்களில் ஞானஸ்நானம் (வளர்ந்த பின் தாமே முடிவுசெய்து எடுப்பது) எடுத்ததுமே விடுகிறார்கள், அங்கே இது செல்லாது. ஊர் மாறினால் விதியும் மாறும் என்பதைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் மகள் பாவம் யாரையாவது பார்த்து ஏமாந்துவிடுவாள் :)

வட்டமேசை:
வாத்தியார், பாடம் அழகு. ஆனால் நீங்கள் பார்ப்பது வடிவத்தை. வடிவம் சரியாக இருந்துவிட்டால் பொய்யிலிருந்து பொய்யும் ஒழுங்காகவே வரும். நீலக் கதவு கதை தெரியுமா? ‘வீட்டில் கல்யாண வயதுப் பெண் இருந்தால் ஆமிஷ்காரர் கேட்டுக்கு நீலம் அடிப்பார்’ என்று சுற்றுலாப் பேருந்துகளில் வெகு காலமாகச் சொல்லிவந்தார்கள். கட்டுக்கதை. அதை வைத்து எத்தனை நேர்த்தியான அனுமானம் செய்தாலும் என்ன பயன்?

பெரிய பொய் வேறு இருக்கிறது. ‘எல்லா மென்னோனைட்டும் குதிரை வண்டியில் போவார்கள்’ என்ற எண்ணத்தை இந்த அட்டைப்படங்கள் விதைத்துவிடுகின்றன. பெரும்பாலான மென்னோனைட்டுகள் கார் ஓட்டுகிறார்கள், கல்லூரிக்குப் போகிறார்கள். எத்தியோப்பியாவின் மெசெரெத்தே கிறிஸ்தோஸ் சபை உலகிலேயே மிகப் பெரிய மென்னோனைட் சபைகளில் ஒன்று, அங்கே யாரும் வெள்ளைத் தொப்பியோடு செலரி நடவில்லை. நம் பக்கத்துத் தெலங்கானாவிலேயே மென்னோனைட் பிரதரன் சபைகள் இருக்கின்றன.

இன்னொன்று, எனக்கு எரிச்சல் மூட்டுவது. நாவலில் கதாநாயகி எட்டாம் வகுப்போடு பள்ளியை விடுவாள், அது இயல்பான காரியம் போல ஒரு வரியில் போய்விடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கு இருக்கிறது, 1972. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி ஆமிஷ் பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி டக்ளஸ் மட்டும் பாதி மறுத்தார்: பெற்றோர் விருப்பம் தெரிகிறது, பிள்ளைகளிடம் கேட்டீர்களா? ஃப்ரீடா யோடர் என்ற பெண் ஒருத்தி மட்டும்தான் தன் வாயால் சாட்சி சொல்லியிருந்தாள். வீட்டிலிருந்து படிக்கிற 15 வயதுப் பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான தருக்கப் பயிற்சி கிடைக்குமா? அதைக் கொடுங்கள், நாவலைத் தூக்கி வையுங்கள்.

மூன்று பிள்ளைக்காரன்:
நான் வேறு கட்சி. நாவல் இருக்கட்டும், தருக்கத்தை நிறுத்துங்கள் :)

சும்மா சொல்லவில்லை. மூத்தவனுக்கு 14 வயதில் போலி வாதங்களின் பட்டியல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், முப்பதோ என்னவோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இரண்டே வாரம். ராத்திரி பாத்திரம் கழுவச் சொன்னால் ‘இவ்வளவு நாள் நான் கழுவினேன் என்பதால் இனியும் நானே கழுவ வேண்டும் என்பது பழக்கத்தை ஆதாரமாகக் காட்டும் போலி’ என்கிறான். மாமா ஊரிலிருந்து போன் செய்து உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், அவரிடமும் ‘நீங்கள் டாக்டர் இல்லையே’ என்று ஆரம்பித்தான். என் மனைவி போனைப் பிடுங்கிவிட்டாள். பெயர் தெரிந்ததே ஒழிய யோசிக்கத் தெரியவில்லை. அடுத்தவன் வாயில் தப்புப் பிடிக்க ஒரு கம்பு கிடைத்தது, அவ்வளவுதான். அந்த 22 நாவலில் உங்கள் பெண் அடுத்தவர் மனசுக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆமிஷ் விஷயம் வேண்டும் என்றால் டிர்க் வில்லெம்ஸ் கதையைச் சொல்லுங்கள். 1569, நெதர்லாந்து. ஆமிஷ்காரர்களுக்கு முன்னோடியான அனபாப்திஸ்தர்களில் ஒருவன், மறுஞானஸ்நானத்துக்காகச் சிறைப்பட்டவன். சிறையிலிருந்து தப்பி உறைந்த குளத்தின் மேல் ஓடுகிறான், பின்னால் துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுகிறான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறான். பிடித்துக்கொண்டு போய் டிர்க்கை எரித்துவிட்டார்கள். 1660-ல் வந்த ‘தியாகிகளின் கண்ணாடி’ என்ற பெரும்புத்தகத்தில் இருக்கிறது, இன்றைக்கும் கல்யாணப் பரிசாகக் கொடுக்கிறார்கள், ஆயிரம் பக்கத்துக்கு மேல். அவன் ஏன் திரும்பினான் என்பதைப் பக்கம், ஏது என்று பிரித்துப் பாருங்கள் பார்ப்போம், வாத்தியார் ஐயா.

பழைய கணக்கு வாத்தியார்:
பிரிக்கலாம் தம்பி. ‘பகைவரையும் நேசி’ என்பதை முதல் கூற்றாக ஒத்துக்கொண்டவனுக்கு அது நேரான முடிவு. ஒத்துக்கொள்வதுதான் கஷ்டம், அதற்குத் தருக்கம் உதவாது, அதை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் மகன் விஷயத்தில் குற்றம் பட்டியலுடையது. போலிகளை முதலில் தன் பேச்சில் தேடச் சொல்லியிருக்க வேண்டும். என் மாணவர்களை அவரவர் கட்டுரையில் மூன்று தவறு கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவன் கட்டுரையைக் கையில் கொடுப்பேன்.

கொல்லைத்தோட்டம்:
எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை செலரிப் பாடத்தை நடத்தினேன். தோட்டத்தில் விளைந்தது இல்லை, கடையில் வாங்கின ஒரு கட்டு, மேசை நடுவில் ஜாடியில் வைத்தேன். எந்த நாவலில் வருகிறது என்று கேட்டதும் மூன்றை எடுத்துவந்தாள், பக்கத்தில் மடிப்பு வைத்து. முதல் இரண்டில் பாட்டி செலரியைப் பார்த்துக் கல்யாணம் என்கிறாள், கல்யாணமே ஆகிறது. மூன்றாவதில் தப்பாகிவிடுகிறது. செலரி பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்காக.

‘பாட்டி செய்தது தப்புதானே?’ என்றேன். கொஞ்ச நேரம் தண்டை உரித்துக்கொண்டே இருந்தாள். ‘பாட்டி இருக்கலாம் என்றுதானே சொன்னாள், இருக்கிறது என்று சொல்லவில்லையே அம்மா’ என்றாள். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. அதற்கு மேல் நடத்த என்னிடம் அன்றைக்குப் பாடம் இல்லை.

இந்த விவாதத்தையும் படித்தாள். வட்டமேசை அவர்களுக்கு ஒரு கேள்வி அனுப்பச் சொன்னாள், அவள் சொன்னபடியே: ‘எழுதியவர் வெளியாள், வாங்குகிறவர் வெளியாள் என்பதெல்லாம் எழுதியவரைப் பற்றியது. கதையில் எந்த இடம் தப்பு என்பதற்கு இரட்சிப்பு விஷயம் ஒன்றைத்தான் காட்டினீர்கள். ஞானஸ்நானம் எடுத்தபின் சபையை விட்டு விலகினவர்களைத்தான் ஒதுக்கிவைப்பார்கள், எடுக்காமல் போனவர்களை இல்லை, அதில் இரண்டு புத்தகம் தப்பு செய்திருக்கிறது, அதைச் சொல்லியிருக்கலாமே. நீங்கள் எத்தனை படித்தீர்கள்?’

கொஞ்சம் வாய்த்துடுக்குதான், மன்னிக்கவும். மூன்று பிள்ளைக்காரர் சொன்ன கம்பு எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது போல.

ஓஹையோ அக்கா:
நானும் அதைத்தான் கேட்டேன். அவளுக்கு ஒரு பொட்டலம் அல்வா என் செலவில்.

வட்டமேசை:
ஒன்றரை.

மருமகளே, ஒதுக்கிவைப்பதில் நீ சொன்னது சரி, எனக்கு அது தோன்றவில்லை. ஆனால் கருத்து மாறவில்லை, இரட்சிப்பு ஒன்றே போதுமான தப்பு என்றுதான் நினைக்கிறேன். அந்த இரண்டு புத்தகத்தின் பெயரை அம்மாவிடம் சொல்லி இங்கே போடச் சொல். அந்த அரைப் புத்தகத்தை முடித்துவிட்டு அவற்றைப் பார்க்கிறேன். யோடர் தீர்ப்பில் டக்ளஸ் எழுதிய பக்கத்தை நீ படி, ஃப்ரீடா சொன்னதும் அதில் வரும். அப்புறம் பேசலாம்.