மறு: கவுன்டர்ஸ்டெயினுக்குத் தமிழ் – "எதிர்ச்சாயம்" சரியா?

அன்புடையீர்,

> 'கவுன்டர்' என்றால் எதிர். ஆகவே எதிர்ச்சாயம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்க்கும் மாதிரிக்கு முதன்மைச் சாயம் ஏற்றியபின், அது பிடிக்காத பகுதிகளைக் காட்டப் போடும் இரண்டாவது சாயம்தான் கவுன்டர்ஸ்டெயின். திசு வெட்டுகளுக்கு வழக்கமாகப் போடும் ஹெமட்டாக்ஸிலின், ஈயோசின் இணையை மட்டும் பார்த்தால் இந்தச் சொல் பொருந்திவிடும். படிகாரத்தின் அலுமினியத்தோடு சேர்ந்து நேர்மின்னேற்றம் பெறும் ஹெமட்டாக்ஸிலின், உட்கருவை நீலமாக்குகிறது. எதிர்மின்னேற்றமுள்ள ஈயோசின் சைட்டோபிளாசத்தையும் கொலாஜனையும் இளஞ்சிவப்பாக்குகிறது. மாணவர் "எதிர்" என்பதை மின்னேற்றம் என்றே எடுத்துக்கொள்வார். பாக்டீரியாக்களைச் சாயத்தால் இரு வகையாகப் பிரித்தறியும் கிராம் முறைக்கு வந்ததும் விழிப்பார். அங்கே முதலில் போடும் படிக ஊதா, பின்னர் போடும் சிவப்பான சஃப்ரானின் இரண்டுமே நேர்மின்னேற்றச் சாயங்கள்.

"துணைச்சாயம்" என்ற முன்மொழிவும் எனக்கு உடன்பாடில்லை. ஆல்கஹால் ஊதாவைக் கழுவிக்கொண்டு போனபின் அதைத் தக்கவைக்காத கிராம் நெகட்டிவ் வகை பாக்டீரியாக்கள் ஸ்லைடில் நிறமின்றிக் கிடக்கும். 1884-இல் டேனிஷ் மருத்துவர் கிராம் தம் முறையை வெளியிட்டபோது இருந்த நிலை அதுதான்; சஃப்ரானின் போடும் படியை ஜெர்மன் நோயியலாளர் கார்ல் வைகர்ட் பின்னர்தான் சேர்த்தார். ஸ்லைடில் பாதியைக் கண்ணுக்குக் காட்டுவது துணை வேலையா? "பின்னணிச் சாயம்" என்பதும் இதே இடத்தில்தான் இடறுகிறது. நோய்க்கிருமியே சிவப்பாகத் தெரியும்போது அதைப் பின்னணி என்று எப்படிச் சொல்வது?

எல்லா முறைகளுக்கும் பொதுவானது ஒன்றுதான்: முதன்மைச் சாயத்திலிருந்து கண் பிரித்தறியும்படி இன்னொரு நிறம். எனவே "வேற்றுநிறச் சாயம்" என்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. இது சாயத்தின் பெயராக இல்லாமல் அது செய்யும் வேலையின் பெயராக இருப்பதும் வசதி. எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கொண்டு புரதத்தைப் பழுப்பாகக் காட்டும் முறையில், வேற்றுநிறச் சாயமாக வருவது அதே ஹெமட்டாக்ஸிலின்தான்.

சாயங்களின் பெயர்களில் மட்டும் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். கிரேக்க விடியல் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்பதால் ஈயோசினை "வைகறைச் சிவப்பு" ஆக்கலாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். கவிதைக்கு ஆகும், கொள்முதல் பட்டியலுக்கு ஆகாது. ஈயோசினிலேயே ஒய், பி என்று இரண்டு உண்டு. சாயங்களை அடையாளம் காட்டும் நிறச் சுட்டெண் முன்னதற்கு 45380, பின்னதற்கு 45400. சுட்டெண்ணை மட்டும் நம்பியும் வாங்க முடியாது: ஹெமட்டாக்ஸிலினுக்கும், அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கிடைக்கும் ஹெமட்டீனுக்கும் ஒரே எண், 75290. ஆகவே பெயர், சுட்டெண் இரண்டையும் எழுதி, குப்பியில் சாய அளவு எத்தனை விழுக்காடு, எந்தத் தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) என்றும் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயங்களின் வரத்து நின்றதால் ஏற்பட்ட திண்டாட்டத்தின் தொடர்ச்சியாக அமெரிக்காவில் தோன்றிய உயிரியல் சாய ஆணையம், இன்றும் ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே சோதித்தே சான்று தருகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் தொகுதிக்குத் தொகுதி தரம் மாறும் என்பதுதான் காரணம்.

படிகாரம் போல, சாயத்தைத் திசுவில் பிடித்து நிறுத்தும் மார்டன்டுக்கு "நிறமூன்றி" இருக்கவே இருக்கிறது, புதிதாக எதுவும் தேவையில்லை. எஞ்சியிருப்பது டிஃபரன்ஷியேஷன், அதாவது அமில ஆல்கஹாலில் சில நொடிகள் முக்கி, மிகுதியாக ஏறிய ஹெமட்டாக்ஸிலினை மட்டும் இறக்கும் படி. செல்லுயிரியலில் வழங்கும் "வேறுபாடடைதல்" இங்கே குழப்பும். "நிறநீக்கம்" என்றால் முழுவதும் போய்விட்டதாகப் பொருள்படும். "நிறங்குறைத்தல்" என்று வைக்கலாமா? திசு வெட்டுகளில் அன்றாடம் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.