70,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினி: உதிரிகளைத் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

மதுரையிலிருந்து:

2023 ஜூன் மாதம் என் தங்கை மகனுக்காக ஒரு கேமிங் கணினியை உதிரி உதிரியாக வாங்கி வீட்டிலேயே பொருத்தினேன். அதற்கு முன்பிருந்த கணினி எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பிற்பாடு நான் எடுத்த முடிவுகளில் பாதி அந்த இழப்பிலிருந்து வந்தவை. அதில் கேபினட்டோடு, அதாவது வெளிப்பெட்டியோடு, சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ்ஸையே (உதிரிகளுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) பயன்படுத்தி வந்தோம். அதன் மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மே மாதத்தில் ஒரு மாலை, மின்சாரம் போய்த் திரும்பி வந்த கணத்தில் உள்ளே சிறு வெடிச்சத்தம் கேட்டது, கருகல் வாடை அறை முழுவதும் பரவியது, எல்லா உதிரிகளையும் இணைக்கும் பலகையான மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் அதோடு போயின.

பிறகுதான் அந்த லேபிளை ஊன்றிப் படித்தேன். எஸ்எம்பிஎஸ் பல மின்னழுத்தங்களில் தனித்தனி வரிசைகளாக மின்சாரம் தருகிறது; அவற்றில் 12 வோல்ட் வரிசையில் 17 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 204 வாட் மட்டுமே. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் எடுக்கின்றன என்பதால், மற்ற வரிசைகளையெல்லாம் கூட்டிக் காட்டிய 450 என்ற எண்ணால் அந்தக் கணினிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. இடைநிலைக் கணினி ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டுக்கு 132 வாட், ரைசன் 5 5600 பிராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 76 வாட், விசிறிகளுக்கும் மற்றவற்றுக்கும் ஒரு 50 வாட். இதுவே 258 ஆகிவிடுகிறது.

புதிய கணினிக்கு மானிட்டர் உட்பட 70,000 ரூபாய் என்று வரையறுத்துக்கொண்டு, முதலில் மானிட்டரை முடிவு செய்தேன். பலர் பிராசஸரிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழான வரிசை என்பது என் உறுதியான கருத்து. 1080பி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 36.9 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு காட்சியிலும் இத்தனை புள்ளிகளையும் வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு என்பதால், திரை எது என்று தெரியாமல் கார்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1080பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது), ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) திரை என்று முடிவானதும், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600 போதும் என்பது தெளிவாயிற்று.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், ‘5600 எதற்கு சார், 5600ஜி எடுத்துக்கொள்ளுங்கள், அதிலேயே கிராபிக்ஸ் இருக்கிறது’ என்று மிகவும் வற்புறுத்தினார். தனிக் கார்டு வாங்காதவருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் 5600இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 5600ஜியில் அதில் பாதி. கேம்களில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. ஆர்எக்ஸ் 6600 பிசிஐஇ தடங்களில் (கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையே தரவு போகும் பாதைகள்) எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. அந்த எட்டும் நான்காம் தலைமுறை வேகத்தில் ஓட வேண்டுமானால் பிராசஸரும் மதர்போர்டும் இரண்டுமே அதற்கு இடம் கொடுக்க வேண்டும்; 5600ஜி மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது, ஏ520 மதர்போர்டும் அப்படியே. ஆகவே 5600உடன், நான்காம் தலைமுறைக்கு இடம் கொடுக்கும் பி550 மதர்போர்டை வாங்கினேன்.

அன்று நான் கொடுத்த விலைகள் இவை: பிராசஸர் 12,500, மதர்போர்டு 8,500, கிராபிக்ஸ் கார்டு 21,000, 16 ஜிபி ரேம் 3,500, 1 டிபி எஸ்எஸ்டி 4,500, எஸ்எம்பிஎஸ் 4,500, கேபினட் 3,500, மானிட்டர் 11,500. ஆக மொத்தம் 69,500 ரூபாய். கீபோர்டும் மவுஸும் பழையவை. எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்றது. ஆனால் அந்தச் சான்று மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே சொல்லும் என்பதால், 12 வோல்ட் வரிசையில் 43 ஆம்பியர் இருப்பதைப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

கேபினட்டில் மட்டும் ஒரு தவறு செய்தேன். பையன் ஆசைப்பட்டான் என்பதற்காக முன்புறம் முழுக்கக் கண்ணாடி போட்டதை வாங்கினேன். அடுத்த கோடையில், வெளியே 40 டிகிரி காயும் மதியத்தில், கார்டின் வெப்பம் 83 டிகிரியைத் தொட்டு விசிறி இரைந்தது. முன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேமை ஓட்டியபோது 74 டிகிரிதான் காட்டியது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காட்டிய அக்கறையைக் காற்றுக்கும் காட்டியிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் முன்புறம் வலை போட்ட கேபினட்டே சரி. கண்ணாடியை அதன் பிறகு நாங்கள் மாட்டவேயில்லை.

கோவையிலிருந்து:

அண்ணா, நீங்கள் 12 வோல்ட் கணக்கை எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. நான் பழைய கார்டு வாங்கிய அனுபவத்தைச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற மின்னணு நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளால் கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் ‘தோண்டும்’ முறையைக் கைவிட்டதும், அதைத் தோண்டப் பயன்பட்ட கார்டுகள் பழைய பொருள் சந்தைக்குப் பெருமளவில் வந்தன. அப்படி வந்த 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றை நான் வாங்கினேன். விற்றவர் பயன்பாட்டை மறைக்கவில்லை, அசல் பில்லையும் கொடுத்தார். பில்லில் இருந்த சீரியல் எண்ணைக் கார்டின் மேல் ஒட்டியிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, அவர் வீட்டிலேயே ஒரு மணி நேரம் கடுமையான சுமை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னேன். முதல் இருபது நிமிடங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகு ஒரு விசிறி கரகரத்தது. இரவு பகலாக ஓடிய கார்டில் சில்லுக்கு முன் தேய்வது பெரும்பாலும் விசிறிதான். விலையைக் குறைத்துத் தந்தார். 900 ரூபாயில் விசிறிகளை மாற்றி, காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டையும் (சில்லின் வெப்பத்தைக் கடத்தும் பசை) புதிதாகப் பூசினேன். இன்று வரை குறையில்லை. ஆனாலும் ஓட்டிப் பார்க்க அனுமதிக்காதவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

திருச்சியிலிருந்து:

பொருத்தும்போது நான் பட்ட இரண்டு சிரமங்கள். பழைய இருப்பில் இருந்த பி450 மதர்போர்டை மலிவாக வாங்கி அதில் 5600ஐப் பொருத்தினேன். விசிறிகள் சுழன்றன, திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிய பிறகு, அந்தப் பலகையின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதிய பிராசஸரை அறியாதது என்று தெரிந்தது. கடையில் ஒரு பழைய பிராசஸரைப் போட்டு அரை மணி நேரத்தில் புதுப்பித்துக் கொடுத்தார்கள். வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று ரேம். இரண்டு ரேம்களையும் அடுத்தடுத்த இடங்களில் செருகியிருந்தேன். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும், அப்போதுதான் இரண்டும் இணையாக வேலை செய்யும். பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு) இயக்காததால் 3200 வேக ரேம் பல மாதங்கள் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டரும் அப்படித்தான், விண்டோஸில் நாமாக 144 என்று தேர்ந்தெடுக்கும் வரை 60 ஹெர்ட்ஸிலேயே இருந்தது.

சென்னையிலிருந்து:

அண்ணா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்னிடமும் ஏறக்குறைய இதே தொகைதான் இருக்கிறது. இப்போது வாங்குபவர் 5600 பொருந்தும் ஏஎம்4 வகைப் பலகையை விட்டு, அடுத்த தலைமுறையான ஏஎம்5க்குப் போவது நல்லதா? மேலும், மாமாவின் பழைய கணினியிலிருந்து 500 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் கார்டுக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன்.

மதுரையிலிருந்து:

தம்பி, ஏஎம்5இல் டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் மட்டுமே பொருந்தும், மதர்போர்டின் விலையும் கூடுதல். அந்த வேறுபாட்டைக் கார்டில் போட்டால் கேமில் உடனே பலன் தெரியும். ஏஎம்4இலும் பின்னாளில் மேம்படுத்த வழி இருக்கிறது: 2024 ஜனவரியில் வந்த ரைசன் 7 5700எக்ஸ்3டி பிராசஸர் அதே பலகையில் பொருந்தும், அதில் எல்3 கேஷ் மட்டும் 96 எம்பி. ஆனால் கார்டை ஆறு மாதம் கழித்து வாங்குவதாக இருந்தால் என் பதில் மாறும். ஏஎம்5இல் பொருந்தும் ரைசன் 5 7600 பிராசஸரில் சிறிய கிராபிக்ஸ் வசதி உள்ளேயே இருப்பதால் அதுவரை படிப்பு வேலைகளை நடத்திக்கொள்ளலாம். 2027க்குப் பிறகும் ஏஎம்5ஐத் தொடர்வதாக, ரைசன் பிராசஸர்களைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் அறிவித்திருக்கிறது என்பதால், அடுத்தடுத்து மேம்படுத்துவதற்கும் அதுவே இடம் கொடுக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி மட்டும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அது எத்தனை ஆண்டு ஓடியது என்று மாமாவிடம் கேளுங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை அதை எந்தப் புதிய பலகையிலும் இணைக்க வேண்டாம்.